ஏற்றத்துக்கு ஒரு படி, இறக்கத்துக்கு ஒரு படி

 

ஒவ்வொரு மாதமும் 23-ந் தேதி வாக்கில் சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறையார் பயனீட்டாளர் விலைக் குறியீட்டு எண்ணை வெளியிடுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் அது வந்துவிடுகிறது. நம் கடைக்கு வருவோரும் அதை வாசித்துவிட்டே வருகிறார்கள். "என்ன பாய், பணவீக்கம் குறைஞ்சிருச்சாமே, உங்க கடையில மட்டும் ஏன் ஒண்ணும் குறையல?" என்று கேட்கிறார்கள். நாம் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கிறோம். இம்மாத நஸீஹத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். நாம் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், பின்னர் பெட்டியடியில் உட்கார்ந்து கற்றதும் தவிர வேறு கல்வி நமக்கில்லை. மார்க்க விஷயத்தில் பிழை கண்டால் உலமாப் பெருமக்கள் திருத்துவார்களாக.

முதலில் அந்த எண் என்னதான் சொல்கிறது என்று பார்ப்போம். குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று ஐந்தாண்டுக்கு ஒரு முறை வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். அதைக்கொண்டு ஒரு கூடையைக் கட்டுகிறார்கள். அதில் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். வீடு, வாகனம், வைத்தியம், படிப்பு எல்லாம் மீதிப் பங்கில் இருக்கின்றன. காரின் விலை ஏறினாலும் இந்த எண் ஏறும். அதற்கும் நம் மிளகாய்த் தூளுக்கும் சம்பந்தமில்லை. ஆதலால்தான் நாணய ஆணையம் வீட்டுச் செலவையும் சொந்த வாகனச் செலவையும் கழித்துவிட்டு மூலாதாரப் பணவீக்கம் என்று இன்னோர் எண்ணையும் தருகிறது.

இந்த எண்ணைப் பெரும்பாலும் சென்ற மாதத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதில்லை, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டே சொல்கிறார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததே. தீபாவளி மாதத்து விற்பனையை அதற்கு முந்திய மாதத்தோடு யாராவது ஒப்பிடுவார்களா? மழைக்காலத்தில் காய்கறி ஏறும், மழை விட்டால் இறங்கும். (நம் ரமலான் மட்டும் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துவிடுவதால், பேரீத்தம்பழம் விற்கிறவனுக்கு இந்த ஒப்பீடும் சரிப்படாது. அது வேறு கதை.)

வாடிக்கைக்காரரின் கேள்விக்குப் பதில் இதோ. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருளல்ல. விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்பதே பொருள். 2022 செப்டம்பரில் அந்த எண் 7.5 விழுக்காடு வரை போயிற்று. அந்த ஆண்டு முழுதுக்கும் சராசரி 6.1. 2023-ல் 4.8. 2024-ல் 2.4. எண் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் 2021-ல் நூறு வெள்ளிக்கு வாங்கிய சாமான் கூடை முதலாண்டில் 106 ஆயிற்று. அதன்மேல் 4.8 ஏறி 111 ஆயிற்று. அதன்மேல் 2.4 ஏறி ஏறக்குறைய 114 ஆயிற்று. பத்திரிகையில் எண் சுருங்கச் சுருங்க, மக்கள் பையிலிருந்து போகும் காசு பெருகியதே ஒழியக் குறையவில்லை. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் வாடிக்கைக்காரர் புரிந்துகொள்கிறார். நாம் சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

நிற்க. இதுவரை சொன்னதில் கடைக்காரன் மேல் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அந்த நூறு 114 ஆனதில் உக்ரேன் யுத்தத்துக்கு ஒரு பங்கு, மின்சாரத்துக்கு ஒரு பங்கு, வாடகைக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொண்டே வந்தால், கடைசியில் நம் நாவுக்கும் ஒரு சிறு பங்கு வருமோ என்று நமக்கு அச்சமாக இருக்கிறது. நம் கடையில் நடந்ததையே சொல்கிறோம்.

2023 டிசம்பர் 8 வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளியை விட்டு வெளியே வருகிறோம். இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டுவிட்டது என்று எல்லார் கைபேசியிலும் செய்தி. செருப்பை மாட்டும்போதே வியாபாரிகளிடையே பேச்சு அதுதான். அப்போது நம் கடையின் பின்கட்டில் 22 மூட்டை வெங்காயம் இருந்தது, எல்லாம் பழைய விலைக் கொள்முதல். கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அட்டையை மாற்றினோம். கிலோ 2 வெள்ளியாக இருந்தது 2 வெள்ளி 80 காசு ஆயிற்று. தொழுத ஒளு முறியவில்லை, விலை ஏறிவிட்டது.

இதற்கு நம் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. 22 மூட்டையையும் பழைய விலைக்கு விற்றால், கையில் வருகிற பணத்துக்கு அடுத்த தடவை 15 மூட்டைகூட வராது. முதல் கரைந்துபோகும். பெரிய பேரங்காடிக்காரன் பாகிஸ்தானிலும் சீனாவிலும் தேடிப்பிடிப்பான், சில்லறைக் கடைக்காரன் எங்கே போவான்? அடுத்த மூட்டையின் விலையைப் பார்த்து இந்த மூட்டையை விற்பது வியாபார வழக்கந்தான். மார்க்கமும் லாபத்துக்கு இத்தனை விழுக்காடு என்று எல்லை வகுக்கவில்லை. மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று மக்கள் கேட்டார்கள். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதற்கு இசையவில்லை. விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்வே என்றும், யாருடைய உயிர், பொருள் விஷயத்திலும் அநியாயம் செய்தவராக இல்லாமல் தம் இறைவனைச் சந்திக்க விரும்புவதாகவும் கருத்துப்படச் சொன்னார்கள். இந்த ஹதீஸின் முதற்பாதியை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். பிற்பாதியை யாரும் நமக்கு நினைவூட்டுவதில்லை.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 2024 மே 4-ந் தேதி இந்தியா அந்தத் தடையை நீக்கியது. அப்போதும் கைபேசியில் செய்தி வந்தது. அட்டையை மாற்றினோமா? இல்லை. "முதலாளி, விலையைக் குறைக்கவா?" என்று கடைப் பையன் கேட்டான். "அட, இருக்கிறது எல்லாம் ஒசந்த வெலச் சரக்குடா. தீரட்டும்" என்றோம். அது தீர மூன்று வாரத்துக்கு மேலாயிற்று.

சகோதரர்களே, டிசம்பரில் அடுத்த மூட்டையை வைத்துக் கணக்குப் போட்டோம். மே மாதத்தில் பழைய மூட்டையை வைத்துக் கணக்குப் போட்டோம். இரண்டு கணக்கும் தனித்தனியே சரிதான். ஒரே கடையில் இரண்டையும் வைத்துக்கொண்டு, நமக்கு எப்போது எது லாபமோ அப்போது அதை எடுத்ததுதான் கோளாறு.

திருக்குர்ஆனில் ஸூரத்துல் முதஃப்பிஃபீன் என்று ஒரு ஸூரா. மதரஸாவில் யாவரும் மனனம் செய்ததே. தாம் வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று அதன் தொடக்கம் எச்சரிக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவ்வூரார் அளவையில் மோசமாயிருந்தார்கள் என்றும், இந்த ஸூரா இறங்கியபின் திருந்தினார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வந்திருக்கிறது. நாம் இதை ஓதும்போதெல்லாம் தராசு நினைவுக்கு வரும். நம் தராசு மின்தராசு, முத்திரை குத்தியது, அதில் குறையில்லை என்று நிம்மதியாக இருந்தோம். இரண்டு படி வைத்து அளக்கும் வேலை தராசில் மட்டுந்தான் நடக்கும் என்று எண்ணியிருந்தோம்.

இன்னொன்று. 2023 ஜூலை 20-ல் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டது. புழுங்கல் அரிசி அந்தத் தடையில் சேரவில்லை. அதற்கு 20 விழுக்காடு வரி வந்தது ஆகஸ்டு கடைசியில்தான். ஆனால் நம் கடையில் புழுங்கலும் ஜூலையிலேயே ஏறிவிட்டது. கேட்டவர்களிடம் "அரிசிக்குத் தடை" என்றோம். ரூபாயின் சேதியும் அப்படியே. 2020-ல் ஒரு வெள்ளிக்கு 54 ரூபாய் வாக்கில் இருந்தது, 2023-ல் 60-க்கு மேல் போய்விட்டது. ஊருக்குப் பணம் அனுப்பும்போது அந்தக் கணக்கை நாம் காசு விடாமல் பார்க்கிறோம். ஊரிலிருந்து வரும் அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் அந்தக் கணக்கை யாராவது பார்த்தோமா? சரக்கை டாலரில் வாங்குகிறவர் சிலர் இருக்கலாம், அவர்களைச் சொல்லவில்லை.

பொருள் சேவை வரியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2023 ஜனவரியில் 7-லிருந்து 8, 2024 ஜனவரியில் 9 விழுக்காடு ஆயிற்று. 7-லிருந்து 8 ஆனதில் 2 வெள்ளிச் சாமானுக்கு ஏற வேண்டியது 2 காசுகூட இல்லை. கடைவீதியில் ஒரு காசு நாணயம் கண்ணில் படுவதேயில்லை, ஆகவே முழுமைப்படுத்துகிறோம் என்பது சரி. ஆனால் முழுமைப்படுத்தும்போதெல்லாம் அது மேல்நோக்கியே போவானேன்? 10 காசு, 20 காசு என்று போவானேன்? ஆண்டுக்குப் பத்து லட்சம் வெள்ளிக்குக் குறைவாக விற்கும் பதிவில்லாத கடை, வாடிக்கைக்காரரிடம் இந்த வரியை வசூலிக்கவே கூடாது என்பது சட்டம். வாங்கும் சரக்கில் வரி ஏறியதால் விலை ஏற்றினோம் என்று சொல்லலாம். "ஜிஎஸ்டி போட்டிருக்கு" என்று சொல்லலாகாது. இரண்டுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம், எனினும் ஒன்று உண்மை, மற்றது பொய்.

இப்போது நம்மைப் பல நாள் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறோம். நம் கடைக்குப் பக்கத்து வீவக கட்டடத்தில் ஓர் ஆச்சி இருந்தார். வீட்டிலேயே மசால்வடை சுட்டு அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துச் சில்லறை பார்ப்பார். வாரம் 5 கிலோ வெங்காயம் வாங்குவார். அந்த டிசம்பர் வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிட்டார். அட்டையைப் பார்த்துத் திகைத்து, "என்ன பாய், காலையில இரண்டு வெள்ளின்னு சொன்னாங்களே" என்றார். "வந்த வெலையே அப்படித்தான் ஆச்சி. நாங்க என்ன செய்ய?" என்றோம். யோசியாமல் வாயில் வந்தது. வந்த விலை அப்படியல்ல. மூட்டை அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

மறுவாரமும் வந்து 5 கிலோ வாங்கினார். "வடைய விலை ஏத்தினா வாங்கமாட்டாங்க பாய். அதனால கொஞ்சம் சின்னதாக்கிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் கொடுக்கிறேன், இந்த மாசம் வடை சின்னது, வெங்காயம் ஏறிப்போச்சுன்னு" என்றார். நாம் சில்லறையை எண்ணிக் கொடுத்தோம். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து ஹஜ்ரத் ஒருவரிடம் தனியே இதைக் கேட்டோம். 2 வெள்ளி 80-க்கு விற்றது ஹராமா என்றோம். அவர் சொன்னது இது. நீர் வாய் திறவாமல் 2.80 என்று அட்டை எழுதி, வாங்குகிறவர் மனமொப்பி வாங்கியிருந்தால் அந்த வியாபாரம் கூடும். பஞ்ச காலத்தில் உணவுப் பொருளை வாங்கிப் பதுக்கி, விலை ஏறட்டும் என்று வைத்திருந்தால் அது இஹ்திகார், அது பாவம். நீர் பதுக்கவில்லை. கொள்முதல் விலையைச் சொல்லும்படி யாரும் உம்மைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் எனக்கு வந்தது இந்த விலைக்கு என்று நீராகவே சொல்லிவிட்டால், வாங்குகிறவர் அந்தச் சொல்லை நம்பித்தானே காசைக் கொடுக்கிறார். முராபஹா வியாபாரத்தில் கொள்முதலைக் கூட்டிச் சொன்னால், கூட்டிய தொகையைக் கழிக்க வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபில் வலுவான சொல். உம்முடையது முழு முராபஹா அல்ல. எனினும் அதன் வாடை அடிக்கிறது. பொய்க்குத் தவ்பாச் செய்யும். காசுக்கு, அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லிப் பொருத்தம் கேளும். அது ஹக்குல் இபாத், மனிதருக்குரிய கடன், அவர் மன்னித்தாலன்றித் தீராது.

பிறகு அவர் ஹதீஸ் ஒன்றையும் நினைவூட்டினார். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றான் விற்றவன். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். நனைந்ததை விற்காதே என்று அங்கே சொல்லவில்லை, கவனித்தீர்களா என்றார் ஹஜ்ரத். மேலே வை என்றுதான் சொன்னார்கள்.

அதன்பின் நம் கடையில் ஒரு வழக்கம் செய்துகொண்டோம். ஊரிலோ மலேசியாவிலோ விலை ஏறியது என்று செய்தி வந்தால், அன்றே ஏற்ற நேர்ந்தால் ஏற்றுகிறோம். கேட்பவரிடம், "இது பழைய சரக்குத்தான், அடுத்தது ஒசந்து வருது, அதுக்காகத்தான்" என்று உள்ளதைச் சொல்கிறோம். முகம் சுளித்துப் போனவர் உண்டு. இறங்கியது என்று செய்தி வந்தாலும் அன்றே அட்டையை மாற்றுகிறோம். இதில் சென்ற வருஷம் பூண்டில் நஷ்டம் வந்தது. பக்கத்துக் கடை நானா, "உமக்கென்ன பைத்தியமா, தீரட்டும்னு விடக்கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நாம் விலையைக் குறைத்தால் அவரும் குறைக்கவேண்டியிருக்கிறது, அவருக்கு வாடகை நம்மைவிட அதிகம்.

ஆச்சியின் கணக்கு 10 கிலோவுக்கு 80 காசு வீதம் 8 வெள்ளி. அதைச் சிட்டையில் தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஹஜ்ரத்திடம் கேட்ட மறுநாளே அவர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் வேறு குடும்பத்தார். ஆச்சி ஜூரோங் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக மாடி வீட்டுக்காரர் சொன்னார். கட்டட எண் அவருக்கும் தெரியவில்லை. ஜூரோங் பக்கம் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் யாரேனும், வாரம் 5 கிலோ வெங்காயம் வாங்கி மசால்வடை சுடும் வயதான தமிழம்மாள் ஒருவரைக் கண்டால், சங்கத்து அலுவலகத்தில் நமக்குத் தகவல் சொல்லும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.