தெரியாமல் அடித்த மருந்து

யாழ்ப்பாணத்தை அடுத்த எழுவைதீவில் மெல்லிய மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல்தான். மாரி மழை அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கும். ஆறில்லாத தீவில் கிணறுகளுக்கு அதுவே ஆதாரம். தோட்டத்தில் அடிக்கும் மருந்து கீழே இறங்கினால் அதை வடித்து நிறுத்த ஆழமான மண் இல்லை. அடுத்த வளவுக் கிணறும் அதே தண்ணீரைத்தான் இறைக்கிறது. இதை அறியாமல் மருந்தடிக்கும் சிறு கமக்காரரை எந்த வினை சேரும்? கொல்லாமைக்கும் உழவுக்கும் தனித்தனி அதிகாரம் தந்த திருக்குறளையும், கொலையைப் பாவமென்று வகுத்த ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையையும் படித்து வளர்ந்த சமூகத்தில் இக்கேள்வியைச் சட்டத்திடம் மட்டும் விட்டுவிட முடியாது. புழுவைக் கொல்வது தகுமா என்பது பழைய வழக்கு. அதை இங்கே எடுக்கவில்லை. அயலாரின் தண்ணீரும் மருந்தடிப்பவரின் உடம்புமே என் கவலை. அறிந்துகொள்ளவும் அறிந்தபடி நடக்கவும் வழி இருந்தால்தான் அறியாமை குற்றமாகும் என்பேன்.

கமக்காரருக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்வது எளிது. சிட்டையை வாசி, கையுறை போடு, முகத்தை மூடு என்ற அறிவுரைகள் எல்லாம் சரிதான். ஆனால் கொளுத்தும் வெயிலில், நிறைந்த தெளிகருவியை முதுகில் சுமந்து, றப்பர் சப்பாத்தும் தடித்த மேலங்கியுமாக வெங்காயப் பாத்திகளுக்குள் எவ்வளவு நேரம் நிற்கலாம்? மூடி இறுகாத தாங்கியிலிருந்து மருந்து முதுகில் ஒழுகும், சட்டை நனையும். பூச்சிமருந்துகளில் பல தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியவை. சோளகம் வீசும் மாதங்களில் காற்று ஓயும் வேளைக்குக் காத்திருப்பதும் இலகுவல்ல. அணியச் சிரமமான, விலை கூடிய பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளை, வெப்ப நாடுகளின் சிறு கமக்காரர் விடயத்திலாவது தவிர்க்க வேண்டும் என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் நடத்தைக் கோவையே சொல்கிறது.

இலங்கையின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 1984இல் பரத்தியன், 1995இல் மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடொபொஸ், 1998இல் என்டோசல்பான் என்று கொடிய நஞ்சுகள் நிறுத்தப்பட்டன. பலர் பூச்சிமருந்து குடித்தே மாண்ட நாட்டில், 1995இல் லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் ஏறத்தாழப் பாதியானது. மனிதரின் துயரம் அந்தப் பத்தாண்டில் பாதியாகிவிடவில்லை; வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சுதான் மாறியது. அனுராதபுரத்தில் வீடுகளுக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்து மருந்தைப் பத்திரப்படுத்தச் செய்த பெரிய ஆய்வோ, நஞ்சருந்துவது அதனால் குறையவில்லை என்று 2017இல் அறிவித்தது. நஞ்சு வளவுக்குள் வந்தபின் தனியாளின் கவனம் தடுக்கக்கூடியது கொஞ்சமே. ஆகவே வினையில் பெரும்பங்கு, எதை இறக்கலாம், எதை விற்கலாம் என்று தீர்மானிப்பவர்களையே சேரும்.

தடை கமத்தை அழிக்கும், 2021ஐப் பாருங்கள் என்பார்கள். அப்போது இரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் அரசு மாற்று ஏற்பாடின்றி ஒரேயடியாக நிறுத்தியது. நெல் விளைச்சல் சரிந்தது. முந்திய தடைகள் ஒவ்வொரு நஞ்சாக, மாற்று மருந்து கையில் இருக்கும்போது வந்தவை. அவற்றால் விளைச்சல் விழுந்ததாக ஆய்வாளர்கள் காணவில்லை. இன்னோர் ஆட்சேபம் கனமானது. தெரியாமல் குடித்தாலும் நஞ்சு கொல்லுமே, வினை மட்டும் செய்தவரை விட்டு எப்படி விலகும்? விளைவு விலகாதுதான்; தலைசுற்றலும் தோல் எரிவும் முதலில் கமக்காரருக்கே. பழி வேறு. கைக்கு எட்டாததை ஒருவரிடம் கேட்பது நீதியாகாது, எட்டுவதைக் கேட்காமல் விடுவதும் நீதியாகாது. கிணற்றடியில் தெளிகருவியைக் கழுவாமல் இருக்கலாம். வெறும் மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்காமல் இருக்கலாம். மருந்தடித்தபின் விடவேண்டிய நாட்களை விட்டு மிளகாய் ஆயலாம். சந்தையில் விலை ஏறியிருக்கும் நாளில் இந்தக் கடைசிக் காரியம் கடினம்தான். ஆனால் அந்த மிளகாயை வாங்கிச் சமைப்பவருக்கு எந்த மருந்து எப்போது அடிபட்டது என்று அறிய வழியே இல்லை. அந்த இடத்தில் அறிந்தவர் கமக்காரர் ஒருவரே.