விடுகையும் ஆங்கில வினைச்சொற்களும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமானுஜாய நம:

அயல்நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒருவன், கீதையின் சரம ச்லோகத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு அடியேனிடம் ஓர் ஐயம் கேட்டான். "ஸ்வாமி, எல்லா தர்மங்களையும் 'அபாண்டன்' செய் என்கிறான் கண்ணன். பெற்றோரைப் பேணுவதும் தர்மம்தானே? அதையும் கைவிடலாமா?"

இது குதர்க்கமன்று. அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த செவிக்கு இக்கேள்வி எழாதிருந்தால்தான் வியப்பு. இன்றைய ஆங்கிலத்தில் மூழ்கும் கப்பலை 'அபாண்டன்' செய்வார்கள். தோற்றுப்போன திட்டத்தை அவ்வாறு செய்வார்கள். பெற்ற குழந்தையை அவ்வாறு செய்தால் அது குற்றம். விடப்பட்டது யார் கையிலும் இல்லாமல் அநாதையாகக் கிடக்கிறது என்னும் குறிப்பு அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எம்பெருமான் அப்படிப்பட்ட ஒன்றையா விதிப்பான்?

தமிழில் 'விடு' என்னும் ஒரு வினை பல நிலைகளைத் தாங்கும். ஆங்கிலம் அவற்றைப் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அப்பிரிவுகளை அறிவது நம் பூர்வாசார்யர்களின் திருவுள்ளத்தை உணரவும் துணை செய்யும்.

பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் மூவரை எடுத்துக்காட்டுகிறார். பிராட்டி தன் சக்தியை விட்டாள். த்ரௌபதி நாணத்தை விட்டாள். திருக்கண்ணமங்கையாண்டான் தன் முயற்சியை விட்டார். மூன்றிடத்தும் வினை ஒன்றே. ஆங்கிலத்தில் சொல்லப் புகுந்தால் ஒரு சொல் போதாது.

அசோகவனத்தில் பிராட்டிக்கு இராவணனைச் சாம்பலாக்கும் ஆற்றல் இருந்தது. பெருமாளுடைய ஆணை இல்லாமையால் அதைக் கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. ஆற்றல் அவளை விட்டுப் போகவில்லை. அதைப் பயன்கொள்ளாமல் இருந்தாள். உள்ளதை வேண்டாமென்று கடந்து செல்லும் இந்நிலைக்கு ஆங்கிலத்தில் 'ஃபோர்கோ' என்ற சொல் பொருந்தும்.

த்ரௌபதியின் நிலை வேறு. கௌரவ சபையில் ஆடையைப் பற்றியிருந்த கைகளைத் தளர்த்தி, இரண்டையும் மேலே தூக்கினாள். இது 'லெட் கோ'; பிடியைத் தளர்த்துதல். ஆண்டானோ, தன் நாயின்பொருட்டு உயிரையும் கொடுக்கத் துணிந்த ஒருவனைக் கண்டார். ஒரு நாய்க்கு உடையவன் இவ்வளவு செய்வானாகில், நமக்கு உடையவன் என்ன செய்யான் என்று தேறி, தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியை விட்டுப் பத்தராவிப் பெருமாள் ஸந்நிதியிலே கிடந்தார். தன் கையில் வைத்திருந்த பொறுப்பை விட்டு ஒதுங்கும் இதற்கு 'ரிலிங்க்விஷ்' என்பர்.

'ரினவுன்ஸ்' என்னும் சொல்லையும் இங்கே நோக்க வேண்டும். அறிவித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. அரியணையை, குடியுரிமையை, உலக வாழ்வை இனி வேண்டேன் என்று வெளிப்படச் சொல்லி விடுவதற்கே பெரும்பாலும் வழங்கும். அதில் 'நான் துறந்தேன்' என்னும் குரல் உரக்கக் கேட்கிறது. அந்த 'நான்' உள்ளவரை துறவு முழுமையடையவில்லை என்பதே எம்பெருமானார் காட்டிய வழி. பலனை விடுதல், 'என்னுடைய கர்மம்' என்ற எண்ணத்தை விடுதல், 'நானே செய்கிறேன்' என்ற எண்ணத்தை விடுதல் என்று த்யாகத்தை மூன்றாக கீதாபாஷ்யத்தில் அவர் விளக்கியருளினார். மூன்றிலும் செயல் நிற்கிறது. செய்பவனின் செருக்கே நீங்குகிறது.

முமுக்ஷுப்படியில் பிள்ளைலோகாசார்யர் இன்னும் நுட்பமாக அருளிச்செய்கிறார். சிப்பியை வெள்ளியென்று மயங்கியவனும், செல்லவேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் நடந்தவனும் தம் தவற்றை உணர்ந்தாற்போல, உபாயமல்லாதவற்றை உபாயமாக எண்ணினோமே என்னும் உணர்வோடே விடவேண்டும் என்பது அவர் திருவுள்ளம். சிப்பி அங்கேயே இருக்கிறது; அதை வெள்ளியென்று கொண்ட எண்ணமே போயிற்று. ஆங்கில வினைகளுள் எதுவும் இவ்வெண்ணத்தைத் தானாகக் காட்டவல்லதன்று.

இங்கே ஒரு சிற்றுருபு பெரிய வேறுபாட்டைக் காட்டுகிறது. 'கிவ் அப்' என்றால் ஒரு பழக்கத்தையோ முயற்சியையோ விடுதல். அதனோடு 'ஆன்' சேர்ந்து ஒருவர் பெயர் தொடர்ந்தால், அவர்மேல் நம்பிக்கை இழத்தல் என்று பொருள் மாறிவிடும். த்ரௌபதி முன்னதைச் செய்தாள், பின்னதைச் செய்யவில்லை. மஹாவிச்வாஸம் இல்லாமல் முயற்சியை மட்டும் விடுவது சோம்பலாகவோ விரக்தியாகவோ முடியும்.

'சரண்டர்' என்னும் சொல்லை நம்மவர் பலர் 'சரணம்' என்பதன் உறவென்றே எண்ணுவர். ஒலி ஒத்தாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை. சரணம் என்பது காக்கும் இடத்தைச் சொல்வது. பழைய பிரெஞ்சு மொழியினின்று வந்த 'சரண்டர்' என்பது கையளித்தலைச் சொல்வது. போர்க்களத்தில் ஆயுதத்தைக் கீழே வைக்கும் தோல்வியின் சாயலும் அதில் உண்டு. ஆயினும் அதற்கு ஆங்கிலச் சொத்துச் சட்டத்தில் வேறொரு வழக்கு இருக்கிறது. குத்தகைதாரர் தம் உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் அது 'அசைன்'. நிலத்துக்கு உடையவரிடமே திரும்ப ஒப்படைத்தால்தான் 'சரண்டர்'. ஆத்மஸமர்ப்பணத்துக்கு இதைவிட நெருங்கிய உவமை ஆங்கிலத்தில் கிடைப்பது அரிது. நம்மாழ்வாரும் ஆளவந்தாரும் தம்மை ஸமர்ப்பித்த பின்பு, 'அவனுடையதையா என்னுடையதாக எண்ணிக் கொடுத்தேன்' என்று நைந்ததன் கருத்தும் இதுவே.

'அபாண்டன்' என்ற சொல்லும் தோற்றத்தில் இதனின்று விலகியதன்று. பழைய பிரெஞ்சில் அது ஒன்றை இன்னொருவருடைய ஆளுகையில் விடுவதைக் குறித்தது. காலப்போக்கில் ஏற்றுக்கொள்பவன் மறைந்து, விடுதல் மட்டும் எஞ்சிற்று. சரம ச்லோகத்தின் முதற்பாதத்தை மட்டும் வாசிப்பவர்க்கும் நேர்வது இதுதான். விடு என்று சொன்னவன், அடுத்து 'என்னைப் பற்று' என்றும், 'நான் விடுவிப்பேன்' என்றும் சொல்கிறான். விடுகையைப் பற்றுகையினின்று பிரித்தால் அநாதையாவது தர்மமன்று, நாமே.

அப்பிள்ளைக்கு அடியேன் விண்ணப்பித்தது இவ்வளவே: பெற்றோரைப் பேணுவதை விடாதே, அதனால் மோக்ஷம் பெறுவேன் என்னும் கணக்கை விடு. அவர்களும் எம்பெருமானுடைய உடைமை. அவர்களுக்குச் செய்வது அவன் உகக்கும் கைங்கர்யம். பலனைக் கருதிச் செய்தபோது அது கடனாயிருந்தது. இனி அடியவனுக்குப் பேறாகும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.