கட்டாத நாயும் கேட்காத கேள்வியும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள ஆலைகளில் பல, மூன்று ஷிப்டுகளில் இயங்குகின்றன. நள்ளிரவிலும் பேருந்துகள் ஆண்களையும் பெண்களையும் சாலை முனைகளில் இறக்கிவிட்டுச் செல்கின்றன. சுப்ஹுத் தொழுகைக்குச் செல்வோரும் அதே இருளில்தான் நடக்கிறார்கள். வழியெங்கும் கிடங்குகள், வேலியிட்ட மனைகள். அவற்றைக் காக்கும் நாய்களை இரவில் அவிழ்த்துவிடுவோரும் உண்டு.

“நாம் நாய் வளர்ப்பதில்லையே, நமக்கேன் இந்தப் பேச்சு?” என்று வாசகர்கள் கேட்கலாம். வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவையின்றி நாய் வளர்ப்போரின் நன்மை நாள்தோறும் குறையும் என்ற ஹதீஸை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். ஆயினும் வீட்டுக் காவலுக்கும் கூடும் என்பதே ஷாஃபியீ மத்ஹபில் வலுவான சொல். அதைக் கொண்டு கிடங்கும் பண்ணையும் உள்ள நம்மவர் சிலரும் நாய் வைத்திருக்கிறார்கள். வளர்க்கக் கூடுமா என்று ஆலிமிடம் கேட்கிறார்கள். கூடும் என்றதும் எழுந்து போய்விடுகிறார்கள். அவிழ்த்துவிடக் கூடுமா என்று கேட்பவரைக் காணோம்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் கயிறின்றி வந்த இரண்டு ராட்வீலர் நாய்கள், பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளைத் தலையில் கடித்துக் குதறின. காப்பாற்ற ஓடிய தாயும் காயமுற்றார். நாய்களின் சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார். பொது இடங்களில் நாய்க்குக் கயிறும் வாய்மூடியும் வேண்டுமென்று மாநகராட்சி வலியுறுத்தியது அதன் பிறகுதான்.

வாயற்ற பிராணி செய்யும் காயத்திற்கு ஈடு இல்லை என்று ஒரு ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. இதைக் காட்டித் தப்பிக்க நினைப்போர், அருகிலுள்ள இன்னொரு தீர்ப்பையும் பார்க்க வேண்டும். பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவர் தோட்டத்தில் புகுந்து சேதம் விளைவித்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் கால்நடையைக் காப்பது அதன் சொந்தக்காரர் பொறுப்பு என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இரவில் பிறர் வயலில் மேய்ந்த ஆடுகளைப் பற்றி தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) இருவரும் தீர்ப்பளித்ததைத் திருக்குர்ஆனின் அன்பியா அத்தியாயமும் கூறுகிறது.

இப்பிரிவுக்குக் காரணம் வழக்கமே என்பது இமாம்களின் விளக்கம். பகலில் தோட்டக்காரர் விழித்திருப்பார், இரவில் கால்நடை தொழுவத்தில் இருக்கும். அப்படியானால் ஒரகடத்து இரவை என்னென்பது? இரவுதான் அங்கே பலருக்கு வேலை நேரம். ஷிப்டு முடிந்து நடக்கும் பெண்ணிடம், “இந்நேரத்தில் வெளியே என்ன வேலை?” என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. பகலோ இரவோ, வழி நடப்பவருக்குரியது. கட்டுவது நாய்க்காரர் மீதுள்ளது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் பூனையைப் பற்றியே ஒரு சட்டம் உண்டு. பறவையைக் கொல்வதோ உணவைக் கெடுப்பதோ அதற்கு வழக்கம் என்று தெரிந்திருந்தால், இரவாயினும் பகலாயினும் சொந்தக்காரர் ஈடு தர வேண்டும். பூனைக்கே இப்படியென்றால் கடிக்கும் நாய்க்கு எப்படி? (பூனை வளர்க்கும் நம் தாய்மார்களும் இதைச் சற்றுக் கவனிக்கலாம்!) நாட்டின் சட்டமும் இதற்கு மாறாக இல்லை. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் பிராணியால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் பிள்ளைகள் தெருநாயைக் கல்லால் அடிக்கத் துணிந்தால் அதுவும் பாவமே. தாகித்த நாய்க்குத் தண்ணீர் தந்தவரை அல்லாஹ் மன்னித்த வரலாற்றை அவர்களுக்கு நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வார்?

பிராணியோடு இருப்பவரே அதன் சேதத்திற்குப் பொறுப்பு என்றும் மின்ஹாஜ் கூறுகிறது. கிடங்கு முதலாளி வீட்டில் உறங்குகிறார். வாசலில் நாயோடு இருப்பவர் சம்பளத்திற்கு வந்த காவலாளி. நாய் வாங்கிய முதலாளி அவர் கையில் ஒரு சங்கிலியும் வாங்கிக் கொடுத்தாரா?