கல்லில் ஒரு நாயின் பெயர்

குருக்கள்மடத்து வாவிக்கரை. விடியற்காலையில் தோணி கரைசேரும் முன்பே ஒரு நாய் எழுந்து வாலாட்டுகிறது. துடுப்பின் ஓசையிலேயே தன் ஆளை அதற்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தக் காத்திருப்பின் பின்னுள்ள உறவு மிகப் பழையது. ஜெர்மனியின் ஓபர்காசலில் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதரோடு நாயையும் புதைத்தார்கள். தமிழகத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல்லில், எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தியின் அருகே அவன் நாயும் நிற்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அதன் பெயரையும் கல்லில் வெட்டி வைத்தார்கள்: கோவிவன்.

நாய் நன்றியுள்ளது என்று நாம் ஓயாமல் சொல்கிறோம். அந்த நன்றியை நம் முன்னோர் கல்லில் பொறித்தார்கள். நாம் வாசலில் ஒரு பிடி சோறும் ஒரு சிரட்டைத் தண்ணீருமாவது வைப்போம்.