பத்துக்கு மூன்று

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் மனிதத் தலைகள். நாலு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் என் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. அண்ணாமலையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருந்த நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். நண்பர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா என்று பிழைப்பு ஓடுகிறது.

உள்ளே அவர் பையன் வாசித்துக்கொண்டிருந்தான். மதுரை மணி அய்யர் பாடிப் பிரபலமான அந்த இங்கிலீஷ் நோட்டு. ஜோராகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு ‘கீச்’. மறுபடி முதலிலிருந்து. மறுபடி கீச்.

“பத்து தடவையில மூணு தடவை சுத்தமா வந்துருது சார்” என்றார் நண்பர், பெருமையாக.

விஷயம் இதுதான். பையன் பத்தாவது முடித்துவிட்டான். வெளியூரில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே இசைக் குழுவில் எடுத்துக்கொண்டால் பிளஸ் ஒன் கட்டணத்தில் சலுகை உண்டு. ஐந்து நிமிடம் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். பையனுக்கு ‘குறை ஒன்றும் இல்லை’ வாசிக்க ஆசை. நிதானமான பாட்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு பத்துக்குப் பத்து வாசிப்பான்.

“அத யாரு வேணா வாசிப்பாங்க சார். எதிர்ல உக்காந்திருக்கறவங்க அசரணுமில்ல? நீங்களே சொல்லுங்க” என்று பஞ்சாயத்தை என்னிடம் தள்ளிவிட்டார்.

சங்கீதத்தில் நான் வெறும் காது. படித்தது பி.காம். ஆனால், அன்றைக்கு அந்த பி.காம்.தான் கைகொடுத்தது.

ஆடிஷன், ஆடிட் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் ‘கேட்பது’ என்ற சொல்லிலிருந்து பிறந்தவை. அந்தக் காலத்தில் ஒருவர் கணக்கை உரக்கப் படிப்பார், இன்னொருவர் காதால் கேட்டே சரிபார்ப்பார். அவர்தான் ஆடிட்டர். இன்றைக்கும் கம்பெனிக் கணக்கில் ஆடிட்டர் கையெழுத்துப் போடும்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கணக்கு உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகிறது.

காட்டாமல் இருக்கவும் வழி உண்டு. ‘விண்டோ டிரெஸ்ஸிங்’ என்பார்கள். மார்ச் 31 அன்று மட்டும் கல்லாப்பெட்டி நிறைந்திருக்கும்படி ஜோடிப்பது. ஏப்ரல் முதல் வாரத்தில் பழையபடி காலி.

நாமெல்லாம் செய்யாததா? பயோடேட்டாவில் ‘ஹிந்தி சரளமாகப் பேசுவேன்’ என்று எழுதியதில்லையா? பெண் பார்க்க வந்தவர்களிடம் கடை பஜ்ஜியை ‘எங்க பொண்ணு போட்டது’ என்று சொன்னதில்லையா? எல்லோரும் ஜோடித்துக்கொண்டு வருகிற இடத்தில், ஒரு பேண்டு செட்காரர் பிள்ளை மட்டும் ஏன் அரிச்சந்திரனாக நிற்க வேண்டும்? நண்பர் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கண்ணில் இருந்தது. நியாயமான கேள்விதான்.

முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு போவது பொய்யில்லை. நமக்கு உறுதியாக வருவதில் சிறந்ததைக் காட்டுவதும் பொய்யில்லை, அது எதிரில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் பத்துக்கு மூன்று? கணக்குப் பாடத்தில் பழைய விதி ஒன்று உண்டு: வரப்போகிற லாபத்தை வரவில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே எடுத்து வை. ஏழு கீச்சையும் வீட்டில் வைத்துவிட்டு, சுத்தமான மூன்றை மட்டும் டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு போக முடியாது.

சரி, அதிர்ஷ்டம் அடித்து அன்றைக்குச் சுத்தமாக வந்துவிட்டது என்றே வையுங்கள். அப்போதுதான் தலைவலி ஆரம்பம். ஐந்து நிமிடத்தில் கொடுத்த செக், இரண்டு வருடம் தினமும் பாஸாக வேண்டும்.

மேல்நாட்டுப் பிள்ளைகளுக்கும் இதே தடுமாற்றம் உண்டு. வெபர் 1811-ல் எழுதிய கன்செர்டினோவில் விரல்கள் பறக்கும். மொஸார்ட் தாம் இறந்த 1791-ல் எழுதிய கிளாரினெட் கன்செர்டோவின் நடுப்பகுதியோ மிக நிதானம். விரலுக்கு வேலை குறைவு, மூச்சுக்கு வேலை அதிகம். வேகத்தில் குறைகளை ஒளிக்கலாம். நிதானத்தில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

நம்மூருக்கு வாருங்கள். கிளாரினெட் வெள்ளைக்காரன் பேண்டோடு வந்த கருவி. கீயை அழுத்தினால் சுரம் விட்டுச் சுரம் தாவும். நம் ராகமோ வழுக்கிக்கொண்டு போகச் சொல்லும். சதிர்க் கச்சேரியில் பக்கவாத்தியமாக இருந்த அதை, தனிக் கச்சேரி மேடையில் உயர்த்தி வைத்தவர்களில் முக்கியமானவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். 1931-ல் பிறந்தவர். வாய்ப்பாட்டும் நாகஸ்வரமும் முறையாகக் கற்றவர். குழல் சீமையிலிருந்து வந்தது, அதில் அவர் ஊதியதோ தம் கைவசம் இருந்த ராகத்தை. ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று பட்டம் கொடுத்தவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. அவர் 1956-லேயே மறைந்துவிட்டார். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது வந்தது 2008-ல். பத்மஸ்ரீ 2022-ல், 90 வயதில். சிலருடைய ஆடிஷன் ஐந்து நிமிடத்தில் முடிவதில்லை, ஐம்பது வருடத்துக்கு மேல் நடக்கிறது. அவ்வளவு காலத்துக்கு ஜோடனை தாங்காது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, “பையன் இஷ்டத்துக்கு விடுங்க” என்றேன். நண்பர் அரை மனதாகத் தலையாட்டினார்.

பையன் ‘குறை ஒன்றும் இல்லை’தான் வாசித்தான். முடித்ததும், “வேகமா ஏதாவது வாசிப்பியாப்பா?” என்று கேட்டிருக்கிறார்கள். “இங்கிலீஷ் நோட்டு பழகிட்டிருக்கேன் சார். இன்னும் சரியா வரல” என்று சொல்லியிருக்கிறான்.

இடம் கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? கிடைத்தது. ஆனால் முழுச் சலுகை இல்லை, பாதிதான். மீதிக்கு நண்பர் கடன் வாங்கினார். “இங்கிலீஷ் நோட்டு வாசிச்சிருந்தா முழுசா கெடச்சிருக்கும் சார்” என்று இன்னமும் சொல்கிறார். கிடைத்திருக்கலாம். மறுக்க என்னிடம் வவுச்சர் எதுவும் இல்லை. உண்மைக்கு விலை உண்டு. அந்த விலையைக் கட்டியவர் அவர், யோசனை சொன்ன நானில்லை. அதனால் அவர் புலம்பும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். பையன் லீவுக்கு வந்திருந்தான். உள்ளே இங்கிலீஷ் நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. காட்டுவதற்கு எதிரில் யாருமில்லை, சலுகையுமில்லை. திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன்.

பத்துக்கு ஆறு.