ஏர் பிடித்த குழாய்

மார்கழி. இன்னும் விடியவில்லை. மொட்டைமாடித் தரையின் குளிர் உள்ளங்கால் வழியே ஏறுகிறது.

தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. நேற்று முழுக்க நல்ல வெயில். மோட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

*

கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. மாணிக்கவாசகர் பிறந்த ஊரில் அவருடைய 20 பாட்டு. ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரக்கிறது. யாருக்கும் குறையில்லை.

*

படிக்கட்டு அறையின் கூரைமேல் தண்ணீர் சூடாக்கும் சோலார் பேனல். தொட்டி அதற்குக் கீழே, மாடித் தரையில்.

மற்ற வீடுகளில் தொட்டி பேனலுக்கு மேலே இருக்கும். சூடான தண்ணீர் இலேசாகித் தானே ஏறும். குளிர்ந்தது தானே இறங்கும். மோட்டாரே வேண்டாம்.

இங்கே கூரை அதற்கு இடம் தரவில்லை. சின்ன மோட்டார் ஒன்று அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றித் தள்ளுகிறது.

*

போட்டுவிட்டுக் காது வைக்கிறேன்.

தண்ணீர் ஓடும்போது ஓர் அடங்கிய முனகல் இருக்கும். இது வெறும் இரைச்சல். நடுநடுவே கூழாங்கல் உருள்வதுபோல் ஏதோ.

ஏர் பிடிச்சிருக்கு.

*

மோட்டாருக்குள் தண்ணீரைத் தள்ளும் அதே இறக்கை காற்றையும் சுழற்றுகிறது. காற்று தண்ணீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு இலேசு. அவ்வளவு எடை குறைந்ததை வீசியெறிய முடிவதில்லை.

இறக்கை சுற்றுகிறது. எதுவும் நகரவில்லை.

*

மூட்டுகளில் விரல் வைத்துப் பார்க்கிறேன். எங்கும் ஈரமில்லை.

காற்று தண்ணீருக்குள்ளேயே இருந்திருக்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 60 டிகிரியில் ஏறத்தாழ பாதிதான். மிச்சம் வெளியே வந்தாக வேண்டும்.

அடுப்பில் வைத்த பாத்திரத்தில், கொதிப்பதற்கு வெகு முன்பே, அடியில் சின்னச் சின்ன மணிகள் ஒட்டுமே, அதுதான். இங்கே அது வெளியே போக வழியில்லை. குமிழ் குமிழோடு சேர்கிறது. மேலேறி உச்சி வளைவில் தங்கிவிடுகிறது.

*

மோட்டாரை நிறுத்தியாயிற்று.

கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும். ஓடும்போது காற்றும் தண்ணீரும் கலந்தே ஓடுகின்றன. நின்றால்தான் பிரிகின்றன.

*

கண்மாய் மேல் மூட்டம். அக்கரை தெரியவில்லை.

ஒரு நினைப்பு வருகிறது. மின்கட்டணம். அது போகிறது.

*

வெயில் ஏறிய பிறகு இந்த வேலை கூடாது. தண்ணீர் வற்றிய செப்புக் குழாய் காய்ந்து கிடக்கும். திறந்தால் முகத்தில் ஆவி.

இந்த வேளைதான்.

*

பேனலின் மேல் மூலையில் பித்தளை வால்வு. ஸ்பேனரில் கால் சுற்று.

ஸ்ஸ்ஸ்.

நீளமாக. லேசான உலோக வாசனை.

ஒரு துப்பல். காற்று. துப்பல். காற்று.

பிறகு அறாமல் ஒழுகுகிறது தண்ணீர். விரல்கள் மரத்துப்போகின்றன.

மூடுகிறேன்.

*

ஒரே தடவையில் தீர்வதில்லை. மோட்டாரைப் போட்டு, நிறுத்தி, காத்திருந்து, மறுபடி கால் சுற்று. இன்னும் கொஞ்சம் ஸ்ஸ். வளைவுகளில் தங்கிய குமிழ்கள் அவசரப்படுவதில்லை.

*

வாத நோய் தீர வேண்டிக்கொண்டு வெளியூர்க்காரர்கள் இந்தக் கோயிலுக்கு வருகிறார்கள். முழங்காலைப் பிடித்தபடி ஒருவர் திருமறைநாதரைப் பார்க்கப் போகிறார். கூட வருபவரிடம் சொல்வது மாடிவரை கேட்கிறது.

வாயு பிடிச்சிருக்கு.

*

லண்டனில் சித்தி மகள் குளிர்காலம் தொடங்கும்போது சுவரோர ரேடியேட்டர்களைத் தடவிப் பார்ப்பாள். அடிப்பகுதி சூடாக, மேல்பகுதி சில்லென்று இருந்தால் காற்று. சின்னச் சாவி ஒன்று, கால் திருப்பு, கீழே பிடிக்க ஒரு பழந்துணி. வரும் தண்ணீர் கறுப்பாக இருக்கும் என்பாள். காற்று இரும்பைத் தின்ற கறுப்பு.

அங்கே அதே தண்ணீர்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. காற்று போனால் பெரும்பாலும் போனதுதான்.

இங்கே குளிக்கக் குளிக்கப் புதுத் தண்ணீர். அதனுள் புதுக் காற்று.

*

பேனலில் வெயில் விழுகிறது. மோட்டார் முனகுகிறது.

திரும்பி வரும் குழாயில் கை வைத்திருக்கிறேன். குளிர். குளிர். இன்னும் குளிர்தான்.

பிறகு, சூடு என்று சொல்லிவிட முடியாத ஏதோ ஒன்று.

கையை எடுக்கத் தோன்றவில்லை.

*

கடையில் தானாகத் திறந்து மூடும் ஏர் வென்ட் கிடைக்கிறது. உள்ளே ஒரு மிதவை. காற்று சேர்ந்தால் இறங்கித் திறக்கும். தண்ணீர் வந்தால் ஏறி அடைக்கும். போர் தண்ணீர் உப்பில் அந்த மிதவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமா. எனக்கு நம்பிக்கையில்லை.

உச்சியில் வாய் திறந்த வெறும் குழாய் ஒன்று நின்றாலே போதும். இதற்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். காற்று வர வரத் தானே போய்விடும். ஆறடிக் குழாய், ஓர் எல்போ, இரண்டு கிளாம்ப். மேலூர் போகும்போது வாங்க வேண்டும்.