சாட்சியை எப்போது கூப்பிடுவது

எட்டுப் பந்து பில்லியர்ட்ஸில் வெள்ளைப் பந்து முதலில் அடிப்பவனின் வகைப் பந்தைத்தான் தொட வேண்டும். இரண்டு பந்துகள் ஒட்டினாற்போல் கிடக்கையில் எதை முதலில் தொட்டது என்பது இமைப்பொழுதில் முடிந்துபோகும் விஷயம். உள்ளூர்ப் பந்தயங்களில் மேஜைக்கு மேஜை நடுவர் கிடையாது. அப்போது உட்கார்ந்திருக்கும் எதிராளியே நடுவர் என்கிறது சர்வதேச விதி. விபரீதமாகப் படலாம். ஆனால் சிக்கலான அடி என்று தோன்றினால், அடிக்கு முன்பே ஆட்டத்தை நிறுத்தி மூன்றாவது ஆளை அவன் கூப்பிட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. கூப்பிடாமல் விட்டால், பல பந்தயங்களில் அடித்தவன் வார்த்தைதான் நிற்கும்.

ஆக, நியாயம் வேண்டுபவன் தவறு நிகழுமுன்பே சந்தேகப்பட்டாக வேண்டும். நமக்குக் கூச்சம் இங்கேதான். முகத்துக்கு நேரே சாட்சி கூப்பிடுவது அவமரியாதை என்று சும்மா இருந்துவிட்டு, அப்புறம் கத்துகிறோம். அந்த மௌனத்தைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொள்கிறோம்.

வங்கியில் என் கண்ணெதிரே நோட்டை எண்ணுகிறவர்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. 'உங்களைத் தெரியாதா சார்' என்று எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு போன ஒருவர், சாயங்காலம் ஐந்நூறு ரூபாய் குறைகிறது என்று திரும்பி வந்தார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. என் கணக்கும் அன்று சரியாகவே இருந்தது. இப்போது அவர் பக்கத்துக் கவுண்ட்டர் வரிசையில் நிற்கிறார்.